எட்ட நின்று பார்த்தால் புண்ணியம் குறையுமா?

மூன்று நாள் கோயில் யாத்திரை. அக்கம்பக்கத்துப் பெண்களாகச் சேர்ந்து வேன் வைத்துக்கொண்டு கிளம்புகிறோம். வீரபாண்டியில் கௌமாரியம்மனைத் தரிசித்தாயிற்று. குச்சனூரில் சனீஸ்வரருக்கு எள் தீபம் ஏற்றியாயிற்று. மூன்றாம் நாள், சுருளி அருவியில் நீராடிவிட்டு ஊர் திரும்பலாம் என்று மாற்றுப்புடவையும் மஞ்சளும் கையுமாகப் போய் இறங்கினால்... வனத்துறைச் சாவடியில் தடுப்பு போட்டிருக்கிறது. ‘நீர்வரத்து அதிகம். அருவியில் குளிக்க அனுமதி இல்லை!’

தேனி மாவட்டத்துக்கு யாத்திரை போய்வந்த வாசகியர் பலருக்கு இது பழகிய காட்சிதான். ஒருநாள் வெள்ளம் என்பார்கள்; இன்னொரு நாள் யானைக்கூட்டம் இறங்கியிருக்கிறது என்பார்கள். உடனே வேனுக்குள் பேச்சு எழும். ‘இவ்வளவு தூரம் வந்தும் நமக்குப் ப்ராப்தம் இல்லையே!’ என்று ஒருவர். ‘அருவியில் மூழ்கி எழுவதாக வேண்டிக்கொண்டேனே, தெய்வக் குற்றம் ஆகிவிடுமோ?’ என்று இன்னொருவர். ‘வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு போனால் விட்டுவிடுவார்களாமே’ என்று, எங்கோ கேட்டதை நம்பி மூன்றாமவர்.

அருவிக்குப் போய், அதில் குளிக்காமல், எட்ட நின்று பார்த்துவிட்டு மட்டும் திரும்பினால், போன பலன் உண்டா, இல்லையா? சின்னக் கேள்வி மாதிரித் தெரியும். ஆனால் நம் பக்தியில் ‘எனக்கு வேண்டும்’ என்பது எவ்வளவு, ‘உனக்கு எது முறை?’ என்பது எவ்வளவு என்று இந்தக் கேள்வி நம்மிடமே கேட்டுவிடுகிறது.

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்று மூன்றையும் சேர்த்தே சொன்னவர்கள் நம் பெரியவர்கள். நீராடுவது நம் மரபில் வழிபாட்டின் ஓர் அங்கம். குற்றாலத்தில் அருவியில் நனைந்த ஈரத்தோடு குற்றாலநாதரைப் பார்க்கப் போகிற சுகத்தை யார் வேண்டாம் என்பார்கள்? ஆகவே, ‘அருவியில் குளிப்பதே தவறு’ என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? கோயிலுக்குள்ளேயே தண்ணீர் பல விதம். திருக்குளத்தில் நாம் இறங்குகிறோம். காலை நனைத்துத் தலையில் தெளித்துக்கொள்கிறோம். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தங்கள். அவற்றில் பெரும்பாலானவை கிணறுகள். அங்கே நாம் கிணற்றுக்குள் இறங்குவதில்லை. மேலே நின்றபடி ஒருவர் வாளியில் இறைத்து ஊற்ற, தலையைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். திருமஞ்சனக் கிணறு என்று ஒன்று இருக்கிறதே, அது இன்னும் ஒரு படி மேல். ஸ்வாமியின் அபிஷேகத்துக்கு மட்டும் உரிய நீர் அது. அதில் நாம் கால் வைப்பதும் இல்லை. கை வைப்பதும் இல்லை. பிராகாரம் சுற்றும்போது எட்டிப் பார்த்துவிட்டு நகர்கிறோம். ‘இந்தக் கிணற்றில் குளிக்க விடவில்லையே’ என்று என்றைக்காவது மனம் நொந்திருக்கிறோமா?

மூலவர் விஷயமும் அப்படித்தான். காசியில் விஸ்வநாதர்மேல் பக்தர்களே கங்கை நீரை ஊற்றுகிறார்கள். பண்டரிபுரத்தில் விட்டலனின் பாதத்தில் தலையை வைத்துக் கும்பிடலாம். நம் ஊர்க் கோயில்களில் அர்த்த மண்டபத்துக்கு இந்தப் பக்கமே நின்று, தீபாராதனை வெளிச்சத்தில் ஒரு கணம் பார்க்கிறோம். அதற்காகக் காசிக்குப் போனவருக்கு முழுப் பலன், கபாலீஸ்வரரைப் பார்த்தவருக்குப் பாதிப் பலன் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. எங்கே தொடலாம், எங்கே எட்ட நிற்க வேண்டும் என்பதை அந்தந்த இடம் சொல்கிறது. நாம் கேட்டுக்கொள்கிறோம். தரிசனம் என்ற சொல்லுக்கே பார்த்தல் என்றுதானே பொருள்?

அருவிக்கு முன்னால் போனதும் மட்டும் நமக்கு இது ஏனோ மறந்துபோகிறது!

சுருளியை விட்டுவிட்டு, கொஞ்சம் போடிநாயக்கனூர்ப் பக்கம் வாருங்கள். 2023 ஜூனில் அகல ரயில் பாதை போடி வரை வந்துவிட்டதால், சென்னையிலிருந்து நேரே அந்த ஊருக்கே ரயிலில் போய் இறங்கலாம். மேற்கே சுவர் எழுப்பியதுபோல மலை. ஊருக்குள் நடந்தாலே ஏலக்காய் மணம். மலைமேல் விளைகிற ஏலக்காய் ஏலத்துக்கு வருகிற ஊர் அல்லவா!

ஊரை அடுத்து ஓடுவது கொட்டகுடி ஆறு. குரங்கணி மலைப் பக்கம் பிறந்து வருகிற இந்த ஆற்றின் குறுக்கே, முந்தலுக்குப் போகும் வழியில் ஒரு தடுப்பணை. நீர் நிறைந்து வழியும்போது அருவி மாதிரியே விழும். பக்கத்தில் பிள்ளையார் அமர்ந்திருப்பதால் அணைப்பிள்ளையார் அருவி என்றே பெயராகிவிட்டது. தண்ணீர் அளவாக வருகிற நாட்களில் குடும்பம் குடும்பமாக வந்து குளிக்கிறார்கள். என் கணக்கில் இது திருக்குளம். இறங்கலாம், நனையலாம், பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வீடு போகலாம்.

முந்தலைத் தாண்டினால் போடிமெட்டு மலைச்சாலை ஆரம்பிக்கிறது. 17 கொண்டை ஊசி வளைவுகள். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் இந்தச் சாலையில் போனால், புலியூத்துப் பக்கம் பாறையில் நீர் கொட்டுவதைப் பார்க்கலாம். இன்னும் மேலே ஏற ஏற, எதிர்ப்பக்க மலைகளில் காட்டுக்கு நடுவே வெள்ளை நூல் தொங்கவிட்டதுபோல ஒன்று, இரண்டு, மூன்று என்று அருவிகள் தெரியும். அவற்றில் பலவற்றுக்குப் பெயர்கூட இருக்கிறதோ என்னவோ! போவதற்குப் பாதை கிடையாது. குளிக்கப் படிக்கட்டு கிடையாது. பக்கத்தில் டீக்கடையும் கிடையாது.

ஒருமுறை பேருந்தில் அந்த வழியாகப் போனபோது, பக்கத்தில் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிற ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் தூக்குவாளி. ஜன்னல் வழியே எதிர்மலையைக் காட்டி, “அதில் யாராவது போய்க் குளிப்பார்களாம்மா?” என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அதுக்கு ஏதுக்கா பாதை? அங்கிட்டெல்லாம் ஆரும் போறதில்ல. பாக்குறதுக்குத்தேன்.”

“தினமும் பார்த்தால் அலுத்துப்போகாதா?”

“மழை பேஞ்சாத்தேனக்கா அது வரும்! வெயில் காலத்துல வெறும் பாறைதேன். அது வந்துருச்சுன்னா செடி பொழச்சுக்கிரும், எங்களுக்கும் வேலை இருக்கும். கும்புட்டுக்கிருவோம்.”

அந்த அருவியின் துளி ஒன்றுகூட அவள்மேல் பட்டதில்லை. அது அவளுக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை என்பதைத்தான் நான் பேருந்து மெட்டுக்குப் போய்ச் சேரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இவளைப் போல ஆயிரக்கணக்கான பெண்கள் போடி, கம்பம் பகுதிகளிலிருந்து விடியற்காலையில் ஜீப்களில் மலையேறி, இடுக்கிப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் வேலை செய்துவிட்டு, மாலையில் இறங்குகிறார்கள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஆனால் காய் பிடிப்பது உச்சியில் இல்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்கிற சரங்களில். ஆகையால் குத்துக்காலிட்டு, குனிந்து, முற்றிய காயை மட்டும் பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். பெருமாள் கோயில் தீர்த்தத்தில் பச்சைக்கர்ப்பூரத்தோடு மணக்கிறதே, பிள்ளைகளின் பரீட்சைக்கு வேண்டிக்கொண்டு ஹயக்ரீவருக்கு மாலையாகச் சாற்றுகிறோமே, வெள்ளிக்கிழமைப் பாயசத்தில் கடைசியாகத் தட்டிப் போடுகிறோமே... அந்த ஏலக்காய் எல்லாம் இப்படி யாரோ ஒரு பெண் குனிந்து எடுத்ததுதான்.

ஏலச்செடிக்கு வெயில் ஆகாது. பெரிய மரங்களின் நிழல் வேண்டும். மண்ணில் ஈரம் நிற்க வேண்டும். அதே மரங்களும் அதே ஈரமும்தான் மழை நின்ற பிறகும் அருவியைக் கொஞ்ச நாள் ஓட வைக்கின்றன. மரங்களின் வேரும் மக்கிய இலையும் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு, சிறுகச் சிறுக விடுகின்றன. மரம் போனால் மழையன்று வெள்ளமும் மண்சரிவும். மறுவாரம் வெறும் பாறை.

கிழக்குச் சரிவில் இறங்குகிற அந்த வெள்ளை நூல்கள் எங்கே போகின்றன தெரியுமா? கொட்டகுடி ஆற்றுக்கு. போடிக்காரர்கள் வீட்டுக் குழாயில் பிடிக்கிற குடிநீர் இந்த ஆற்றிலிருந்து வருகிறது. பிறகு தேனிப் பக்கம் போய் வைகையில் கலக்கிறது. 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணைக்குள் தேங்குகிறது. சித்ரா பௌர்ணமியன்று கள்ளழகர் தங்கக் குதிரையில் ஏறி மதுரையில் ஆற்றில் இறங்குவதற்காக, அந்த அணையிலிருந்துதான் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள்! மலையில் நாம் எட்ட நின்று பார்த்த நீரில் ஒரு துளியாவது அழகர் இறங்குகிற ஆற்றில் இருக்காதா என்ன?

அப்படியானால் அந்த மேல்காட்டைத் திருமஞ்சனக் கிணறு என்று சொல்வது வெறும் உபமானம் இல்லை. அழகர் இறங்குவதற்கு என்று மேலிருந்து வருகிற நீர்தானே அது?

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நெல்லைச் சீமையில் பாபநாசத்திலும் இன்னும் பல நதிக்கரைகளிலும், தோஷம் தீரும் என்று உடுத்திய துணியை அப்படியே தண்ணீரில் விட்டுவிட்டு வருகிற வழக்கம் பெருகிவிட்டது. தாமிரபரணியின் அடியில் சிக்கிய துணிகளைத் தன்னார்வலர்கள் வந்து வாரி எடுக்க வேண்டியிருக்கிறது. முன்னோருக்கு நாம் கொடுப்பது எள்ளும் தண்ணீரும். தர்ப்பணத்தின் அழகே அந்த எளிமைதான். கைக்குள் அடங்குகிற அதோடு, ஒரு நைலக்ஸ் புடவையையும் சேர்த்துக் கொடுக்கச் சொன்னது யார்? நாம் கழற்றிவிட்ட துணி நம் கண்ணுக்கு மறைந்துபோகிறது. கீழே யாரோ ஒரு குருக்கள் அதே ஆற்றில் அபிஷேகத்துக்குக் குடத்தை முக்குகிறார். நம் தோஷம் தீர்ந்ததோ இல்லையோ, அவர் குடத்துக்கு அது போய்விட்டது.

எட்ட நின்று வழிபடுவது என்பதை நாம் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. ஜப்பானில் வாகயாமா என்ற பகுதியில் ஒரு பேரருவி. 133 மீட்டர் உயரம். பெயர் என்ன தெரியுமா? நாச்சி! (ஆண்டாள் நாச்சியாருக்கும் இதற்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. இருந்தாலும் காதில் விழும்போது இனிக்கத்தான் செய்கிறது.) அங்கே அருவியின் அடிவாரத்தில் ஹிரோ ஜின்ஜா என்று ஓர் ஆலயம். மூலவர் சந்நிதி என்று கட்டடமே கிடையாது. அருவிதான் மூலவர்! அருவி விழத் தொடங்கும் உச்சியில் வைக்கோல் புரியால் திரித்த புனிதக் கயிற்றைக் கட்டியிருக்கிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை புதுக்கயிறு மாற்றுகிறார்கள். நாம் காப்புக் கட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பக்தர்கள் கீழே ஒரு மேடையில் நின்று, கைகுவித்து, தலைவணங்கிவிட்டு வருகிறார்கள். யாரும் அருவியில் இறங்குவதில்லை. வழிந்து வருகிற நீரை ஒரு சின்னக் கிண்ணத்தில் பிடித்துத் தீர்த்தமாகப் பருகலாம்; அவ்வளவுதான். 2012 ஜூலையில் மலையேற்றத்தில் பெயர்பெற்ற மூன்று பேர் அந்த அருவிப் பாறையில் ஏறினார்கள். ஆலயத்தார் கொதித்துப்போனார்கள், காவல்துறை அவர்களைக் கைது செய்தது. ஏறத் தெரிந்தவர்கள்தான், விழவும் இல்லை. மூலவர்மேல் கால் வைத்ததுதான் குற்றம்.

இனி, கொஞ்சம் கனமான ஒன்று. போடிப் பக்கம் எழுதிவிட்டுக் குரங்கணியைப் பேசாமல் போக முடியாது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் வந்து மலையேறிய குழுக்கள், கொழுக்குமலைச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தபோது காட்டுத்தீயில் சிக்கின. 23 உயிர்கள் போயின. அவர்களில் இளம்பெண்கள் பலர். மாசி, பங்குனியில் அந்தச் சரிவுகளில் புல் காய்ந்து, ஒரு பொறிக்குக் காத்திருக்கும். காற்று மேல்நோக்கி வீசினால் தீ மனிதரைவிட வேகமாக மலை ஏறும்.

போனவர்களை ‘ஏன் போனார்கள்?’ என்று பேசுவது எனக்குச் சம்மதமில்லை. மலையைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. நம் வீட்டுப் பெண்ணுக்கும் இருக்கும், இருக்க வேண்டும். எந்தப் பருவத்தில் எந்தப் பாதை திறந்திருக்கலாம், கூட யார் வர வேண்டும் என்று சொல்ல வேண்டியவர்கள் வாசலில் நின்று சொல்லவில்லை. அதுதான் அன்றைய குறை. அதற்குப் பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு மலையேற்றப் பாதைகளை முறைப்படுத்தித் திறந்தபோது குரங்கணிக்கும் அதில் இடம் கிடைத்தது.

இந்த நினைவோடு, சுருளிச் சாவடியில் நம்மைத் தடுத்து நிறுத்திய அந்தக் காக்கிச் சட்டைக்காரரை மறுபடி ஒருமுறை பாருங்கள். கோயிலில் கருவறை வாசலுக்கு இருபுறமும் யார் நிற்கிறார்கள்? துவாரபாலகர்கள். ஒரு விரலை உயர்த்தி, ‘கவனம்!’ என்று எச்சரிக்கிற முத்திரையோடு நிற்கிறார்கள். அவர்களை மனத்தால் வணங்கி உத்தரவு கேட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும் என்று சின்ன வயதிலேயே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கல்லில் நிற்பவரிடம் உத்தரவு கேட்கிறோம். உயிரோடு நிற்பவரிடம் ‘எங்களை மட்டும் விடுங்க சார்’ என்று மல்லுக்கு நிற்கிறோம்! (சிபாரிசுக்கும் நூறு ரூபாய்க்கும் அவர் வழிவிட்டால் அவரும் துவாரபாலகர் இல்லை என்பது வேறு கதை.)

சரி, வேண்டுதல்? வருஷத்துக்கு ஒரு முறை ஆடி அமாவாசைக்கு என்று வந்தவர்கள் என்ன செய்வது? அவர்களுடைய வருத்தத்தை நான் லேசாக எண்ணவில்லை. அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட என்று கணவரையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு, இருந்த பணத்தில் வண்டி பிடித்து வந்தவளுக்கு ‘திரும்பிப் போ’ என்ற பலகை எப்படி இருக்கும்?

வீட்டில் நாம் தினமும் செய்கிற ஒன்றை அவளுக்கு நினைவூட்டலாம். பூஜைக்கு உட்கார்ந்ததும் முதல் காரியம் என்ன? கலசத்தில் குழாய்த் தண்ணீரை நிரப்பி, அதில் கங்கையையும் யமுனையையும் காவிரியையும் எழுந்தருளச் சொல்லி வேண்டுகிறோம். வருகிறார்கள் என்றுதான் நம்புகிறோம். சந்தேகம் இருந்தால் அந்த நீரை ஸ்வாமிமேல் தெளிப்போமா? இமயத்து நதியைச் சமையலறைச் சொம்புக்குள் வரவழைக்கிற நமக்கு, இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கொட்டுகிற அருவியை வரவழைக்கத் தெரியாதா? சாவடிக்கு இந்தப் பக்கமே, முல்லையாற்றங்கரையில் உத்தமபாளையத்திலோ வீரபாண்டியிலோ, நீர் நிதானமாகப் போகிற படித்துறையில் அமர்ந்து செய்யலாம். சங்கல்பம் சொல்லி வைக்க நம் வீட்டு வாத்தியாரைக் கேட்டால் முறையைச் சொல்வார்.

‘அப்படியானால் வீட்டிலேயே இருந்துவிடலாமே, அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிள்ளையைப் போனில் கூப்பிட்டால் பேசுகிறான். அதற்காக நேரில் போய்ப் பார்க்காமல் இருக்கிறோமா? அதுவும் தவிர, கலசத்துக்குள் எழுந்தருளச் சொல்லி அழைப்பதற்கு, அந்த நதி எங்கேயோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? அது ஓடுகிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வருவதும் நம் வேலைதான்.

இந்த ஐப்பசியில் போடிப் பக்கம் போகிறவர்கள், மெட்டுச் சாலையில் மண்சரிவு ஏதும் இல்லையே என்று கீழே விசாரித்துக்கொண்டு காலையிலேயே மலையேறுங்கள். வண்டியை அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டச் சொல்லுங்கள், வளைவில் வேண்டாம். மேகம் விலகுகிறவரை கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும். திரை விலகுகிறவரை சந்நிதியில் காத்திருப்பதில்லையா, அதுபோலத்தான். வெள்ளை நூல் தெரிந்ததும் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். “எப்பம்மா குளிக்கலாம்?” என்று அவர்கள் நச்சரிப்பார்கள். திரும்பி வரும் வழியில் அணைப்பிள்ளையாரிடம், தண்ணீர் அளவாக இருந்தால், ஆசை தீரக் குளிக்கட்டும். சோப்பும் ஷாம்பூவும் பையிலேயே இருக்கட்டும். ஈரத்துணியைப் பிழிந்து, அதே பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.